கொல்லையில் ஹாப்ஸ்: மூன்று கோடைகளின் குறிப்பு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள ஹில்ஸ்பரோவில், எங்கள் வீட்டுக் கொல்லையின் தென்மேற்கு மூலையில் நிற்கும் இரண்டு ஹாப்ஸ் கொடிகள் மூன்றாவது கோடையைக் கடந்து, தரையோடு வெட்டப்பட்டு, இப்போது குளிர்கால உறக்கத்தில் இருக்கின்றன. பீருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பது என்பதற்கு மேல் இந்தப் பயிரைப் பற்றி எனக்கு முன்பு ஒன்றும் தெரியாது. வீட்டிலேயே பீர் காய்ச்சும் அலுவலக நண்பர் ஒருவர், ஒரு மார்ச் மாத இறுதியில், காய்ந்த இஞ்சியைப் பிடித்து நீட்டியது போன்ற இரண்டு வேர்க்கிழங்குத் துண்டுகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். இரண்டும் காஸ்கேட் வகை. இதே வில்லாமெட் பள்ளத்தாக்கின் கோர்வாலிஸ் நகரில் உருவாக்கப்பட்டு 1972-இல் வெளியிடப்பட்டது என்பதால், இந்த மண்ணுக்குப் பழக்கப்பட்டதாகவே இருக்கும் என்று அவர் சொன்னார்.

ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பயன்படுவது பெண் கொடியில் தொங்கும் காகிதம் போன்ற பச்சைக் கூம்புகள் மட்டுமே என்பதால், யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. பெண் கொடியின் கிழங்கையே வெட்டி வெட்டி நடுகிறார்கள். எங்கள் மண் களிமண் என்பதால் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி, மட்கிய எருவைக் கலந்து, ஏப்ரல் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளியில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டையும் நட்டேன். முதலாண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொடி இரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. எண்ணிப் பார்த்தால் நாற்பது கூம்புகள் கூட இராது. அந்த ஆண்டு வளர்ச்சி முழுவதும் மண்ணுக்கடியில் நடந்தது என்பதை அடுத்த வசந்தத்தில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் இருபது, முப்பது முளைகள் கிளம்பியபோதுதான் புரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கொடிக்கு இரண்டு கயிறுகள் வீதம் இறக்கினேன். இங்கே ஹாப்ஸ் தோட்டங்களில் பயன்படும் கயிறு தென்னை நாரில் திரித்தது. பெரும்பாலும் இலங்கையிலிருந்து வருகிறது. ஹாப்ஸ் கொடிக்குப் பாகல் போலப் பற்றுக்கம்பி கிடையாது, வெற்றிலை போலக் கணுவில் வேர் விட்டு ஒட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தண்டிலுள்ள கொக்கி போன்ற முரட்டு மயிர்களால் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறும் அதற்கு, சொரசொரப்பான தென்னை நார் நன்றாக ஒத்துவருகிறது. நான் முதலில் கட்டியிருந்த வழவழப்பான நைலான் கயிற்றில் அது இரண்டு முறை சரிந்து விழுந்தது. முளைகளைக் கயிற்றில் ஏற்றிவிடும்போது, கோயிலை வலம் வரும் திசையில்தான் சுற்ற வேண்டும். இடமாகச் சுற்றிவிட்டால் மறுநாள் காலையில் தானாகவே பிரிந்து தொங்கும். கயிற்றுக்கு மூன்று முளைகளை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டினேன். நீளச் சட்டை அணியாமல் அந்த வேலையைச் செய்ததற்கு, முழங்கை வரை சிவந்து தடித்த கோடுகளோடு ஒரு வாரம் இருக்க நேர்ந்தது.

ஜூனில் நல்ல வளர்ச்சி நாட்களில் ஒரே நாளில் ஒரு சாணுக்கு மேல் ஏறியதைக் கம்பத்தில் குறியிட்டுப் பார்த்திருக்கிறேன். இங்கே கோடையின் மிக நீண்ட பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கும் மேல்; அந்த நீண்ட பகலில் உயரத்தை எடுத்துக்கொண்டு, ஜூன் 21-க்குப் பிறகு பகல் சுருங்கத் தொடங்கும்போது பக்கக் கிளைகளை விரித்துப் பூப்பதுதான் இதன் இயல்பு. கொடைக்கானலில் வளருமா என்று ஊரிலிருந்து கேட்ட மைத்துனருக்கு, குளிர் போதுமானாலும் போதாவிட்டாலும் அங்கே பகல் பதின்மூன்று மணி நேரத்தைக் கூட எட்டாது என்பதே என் பதிலாக இருந்தது.

அந்த ஆண்டு விளைச்சல் முழுவதையும் என் அவசரத்தால் இழந்தேன். ஆகஸ்ட் நடுவில் கூம்புகள் பருத்து அழகாகத் தொங்குவதைக் கண்டு பறித்துவிட்டேன்; கசக்கி முகர்ந்தால் வெட்டிய புல்லின் வாசம்தான் வந்தது. அதைப் பொருட்படுத்தாமல், கார் நிறுத்தும் அறையில் செய்தித்தாளில் இரண்டு நாள் பரப்பி, மேலிதழ்கள் மொரமொரவென்று ஆனதும் காய்ந்துவிட்டதாக நம்பிப் பைகளில் அடைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பூஞ்சை பிடித்திருந்தது. இதழ் காய்ந்தாலும் கூம்பின் நடுக்காம்பு ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும் என்பதும், பையில் அடைத்ததும் அந்த ஈரம் மீண்டும் இதழ்களுக்குப் பரவிவிடும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கெட்டுப்போனதை எருக்குழியில் போடும்போதும் மூடியிட்டுத்தான் போட்டேன். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம், பக்கத்து வீட்டு நாயோ வேலியை ஒரு தடையாகவே கருதுவதில்லை.

மூன்றாம் ஆண்டு ஈரமான வசந்தத்தோடு வந்தது. இரண்டாவது கொடியின் அடியில் சில முளைகள் நீளாமல், வெளிறிச் சுருண்ட இலைகளோடு குட்டையாக நின்றன. இலையின் அடிப்பக்கம் கருஞ்சாம்பல் படர்ந்திருந்தது. அடிச்சாம்பல் நோய் என்று உறுதியானதும், அவற்றை அடியோடு கிள்ளி அகற்றி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை இலைகளை உருவிவிட்டு, மேலிருந்து தெளித்த நீரை நிறுத்திச் சொட்டுக்குழாய் போட்டேன். கொடி பிழைத்தது, ஆனால் தளர்ச்சி கடைசி வரை தெரிந்தது.

பறிக்கும் நாளை இம்முறை கண்ணை நம்பி முடிவு செய்யவில்லை. ஆகஸ்ட் 14 அன்று ஐம்பது கிராம் கூம்புகளைப் பறித்து, எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை அடுப்பில் குறைந்த சூட்டில் உலர்த்தி நிறுத்தபோது ஒன்பது கிராம் மிஞ்சியது. அதாவது உலர்பொருள் 18 விழுக்காடு. 22-ஐ ஒட்டி வந்தால்தான் பறிக்கலாம். 26-ஆம் தேதி அதே அளவில் பதினொன்றரை கிராம், 23 விழுக்காடு. அன்று கூம்பைப் பிளந்தால் இதழ்களின் அடியில், கசப்பையும் மணத்தையும் தரும் லுபுலின் தூள் மஞ்சள்தூளின் அடர் நிறத்தில் விரலில் ஒட்டியது. புல்வாசம் போய், நாரத்தைத் தோலைக் கிள்ளியது போன்ற மணம் வந்தது.

முதல் கொடியில் 2,150 கிராம் கிடைத்தது. உலர்பொருள் 23 விழுக்காடு என்றால் அதில் ஏறக்குறைய 495 கிராம். பத்து விழுக்காடு ஈரத்தோடு நிறுத்த வேண்டுமானால் மொத்த எடை 550 கிராமுக்கு இறங்க வேண்டும். பழைய ஜன்னல் வலைகளை அடுக்கி, அடியில் மேசை விசிறியை வைத்து, காலையும் மாலையும் புரட்டி நிறுத்தேன். இரண்டாம் நாள் இரவு 640 கிராம். சென்ற ஆண்டு நான் அடைத்ததும் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருந்திருக்கும். நான்காம் நாள் காலை 548. நடுக்காம்பை வளைத்தால் வளையாமல் முறிந்தது. காற்றை உறிஞ்சி மூடும் பைகளில் ஐம்பது கிராமாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்தேன்.

இரண்டாவது கொடியின் 900 கிராமையும் உலர்த்தாமல், பறித்த அன்றே நண்பரிடம் கொடுத்தேன். பச்சைக் கூம்புகளை ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், உலர்ந்ததைப் போல ஐந்து மடங்கு எடையும் போட வேண்டும். கசப்புக்கு அவர் கடையில் வாங்கியதையே போட்டார். ஒரு மணி நேரம் போலக் கொதித்தால்தான் ஹாப்ஸின் ஆல்பா அமிலங்கள் போதிய அளவு கசப்பாக மாறும். எங்கள் கொடியில் அது எத்தனை விழுக்காடு என்பது அளக்கப்படாததால் அளவு தவறிவிடும் என்றார். எங்களுடையதை அடுப்பை அணைக்கும் தறுவாயில், மணம் ஆவியாகிப் போகாதபடி சேர்த்தார்.

வரும் மார்ச்சில் இரண்டாவது கொடியைத் தோண்டி எடுத்துவிட்டு, நோயற்ற முதல் கொடியின் பக்கவேரில் ஒரு துண்டை வெட்டி, அந்த மூலையிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி, காலை வெயில் முதலில் விழும் வேலியோரத்தில் நடப்போகிறேன்.