நீலச்சிறகியின் நீலம்

இரண்டு நாள் விடாமல் பெய்த மழை சனிக்கிழமை இரவுதான் விட்டது. கார்த்திகை பிறந்து ஒரு வாரம். ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் ஏரிக்குக் கிளம்பிவிட்டேன். பறவை பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்கு இது இரண்டாவது வலசைக் காலம். போன வருட நோட்டில் ‘வாத்து, நிறைய’ என்றே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த வருடம் மூன்று வாத்துகளையாவது சந்தேகமில்லாமல் பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

ஏரி தளும்பிக் கிடந்தது. தண்ணீர் ஏறினால் சேற்றுத்திட்டு மூழ்கிவிடும், உள்ளான்களுக்கு இரை தேட இடம் இருக்காது. கரைப் புல்லில் இரண்டு பொரி உள்ளான் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சரி, வாத்துகளைப் பார்ப்போம் என்று வெயிலை முதுகில் வாங்கி நின்றுகொண்டேன்.

தட்டைவாயன் சுலபம். கரண்டி மாதிரி அலகைத் தண்ணீரோடு ஒட்டி வைத்து, அரித்துக்கொண்டே போகும். ஊசிவால் வாத்துக்கு நீண்டு மெலிந்த கழுத்து. மீதியெல்லாம் சின்னதாக, பழுப்பாக, புருவக்கோட்டோடு ஒரே அச்சில் இருந்தன. நீலச்சிறகி என்று தெரிகிறது, ஆனால் நீலம் எங்கே? ஆண் எங்கே? வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்து தன் பகட்டு இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டை போலவே ஆகிவிடும். நீலச்சிறகி ஆணுக்குப் பழைய நிறம் முழுதாகத் திரும்ப மாசி ஆகிவிடும். படித்துத்தான் வைத்திருந்தேன். நேரில் பார்க்கும்போது கைகொடுக்கவில்லை.

ஏழே முக்கால் இருக்கும். கோரைக்கு மேலே தாழ்வாக ஒரு சேற்றுப் பூனைப்பருந்து வந்தது. கூட்டம் மொத்தமும் ‘ஹோ’ என்று எழும்பியது. பைனாகுலரை அவற்றோடு திருப்பினேன். விரிந்த சிறகுகளின் முன்பாதியில், மழை விட்ட வானம் மாதிரி, வெளிறிய சாம்பல் நீலம்! எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு மட்டும். நீலம் பளிச்சென்று தெரிந்தவை ஆண்கள். மடித்த சிறகுக்குள் அது ஒளிந்தே கிடந்திருக்கிறது. ஒரு வருடமாக அந்தப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு, அதற்கான காரணம் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கை நடுங்கியது உண்மை.

மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குத் தாம்பரம் பக்கம் ஒரு கைவிட்ட கல்குவாரிக்குப் போனேன். நன்மங்கலம் குவாரியில் கொம்பன் ஆந்தை உண்டு என்பது பலருக்கும் தெரியும். இது வேறு இடம். கூடு வைக்கும் காலம் நெருங்குகிறது, அதனால் பெயர் வேண்டாம். ஃபிளாஷ் அடிப்பதும் செல்போனில் குரல் ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் அதற்குப் பெரிய தொந்தரவு.

பாறை விளிம்பில் சுண்ணாம்பு வழிந்தது போல எச்சக் கோடு. கீழே ஆந்தை கக்கிப் போட்ட உருண்டை ஒன்று, கட்டைவிரல் நீளம். குச்சியால் பிரித்தேன்: சாம்பல் மயிர், நடுவில் எலியின் தாடை, மஞ்சள் ஏறிய முன்பற்கள் அப்படியே.

அப்புறம் காத்திருப்புதான். குவாரித் தண்ணீரின் மேல் தகைவிலான்கள் சுற்றி ஓய்ந்தன. ஆறு மணி வாக்கில் எதிர்ப்பாறையின் ஒரு துண்டு தலையைத் திருப்பியது. இரண்டு கொம்பு, ஆரஞ்சுக் கண். ஆழமாக ஒரு ‘பூ... பூஉ’. எனக்குப் பின்னாலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.