எந்தக் கடல் மட்டம்?

மேப்பில் ஒரு மலைக்கு 2,000 மீட்டர் என்று போட்டிருந்தால், எதிலிருந்து 2,000 என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கடல் மட்டத்திலிருந்துதான், வேறென்ன என்பார்கள். சரி, எந்தக் கடல்? ரைன் நதிக் கரையில் உள்ள லாஃபன்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து பாலம் கட்டியபோது இந்தக் கேள்விதான் வினையாக வந்து நின்றது. ஜெர்மனி உயரத்தை வட கடலை வைத்துக் கணக்கிடுகிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு என்பது பொறியாளர்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதைக் கணக்கிலும் சேர்த்தார்கள், ஆனால் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டதால் 2003-ல் பாலத்தின் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வோடு வந்து சேர்ந்தன. ஒரு பக்கத்தை அப்புறம் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

டிஜிட்டல் மேப்பிங் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் மென்பொருளில் ஆரம்பிக்கிறார்கள். எந்த பட்டனை அழுத்தினால் லேயர் வரும், நிறத்தை எப்படி மாற்றுவது என்று. அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால், திரையில் தெரியும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து அளந்தது என்று கேட்கப் பழக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அட்சரேகை, தீர்க்கரேகையையே எடுத்துக்கொள்வோம். அட்சரேகையில் ஒரு டிகிரி நகர்ந்தால் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் அப்படி இல்லை. பூமத்திய ரேகையில் 111, அறுபதாவது அட்சரேகையில் அதில் பாதி, துருவத்தில் பூஜ்யம். தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தாலே ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் வந்துவிடும், பன்னிரண்டு இலக்கம் போட்டு அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. இன்னொன்று, நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள், ஆனால் மேப் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் என்ற வகைக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். புள்ளிகள் எல்லாம் சம்பந்தமில்லாத கடலில் போய் விழுந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்களுக்கு அடியில் பூமியின் வடிவம் பற்றிய ஒரு முடிவு இருக்கிறது. எதிலிருந்து அளப்பது என்று வகுத்து வைத்த அடிப்படைக்கு டேட்டம் என்று பெயர். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்ற டேட்டம், பூமியைச் சற்றே தட்டையான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்த 21 கிலோமீட்டர் வித்தியாசத்தால்தான் ஈக்வடாரில் இருக்கும் சிம்போராசோ மலையின் உச்சி, பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் எவரெஸ்ட் உச்சியைவிட இரண்டு கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் 8,849 மீட்டர், சிம்போராசோ 6,263 மீட்டர்தான். இரண்டு அளவும் சரி.

இதைவிட எனக்குப் பிடித்தது ஜியாய்டு, அதாவது ஈர்ப்புக்கு ஏற்றபடி அமையும் சராசரிக் கடல் மட்டத்தின் வடிவம். கணக்குக்காக வைத்துக்கொண்ட அந்த வழவழப்பான உருண்டையின் மேல் உண்மையான கடல் படிந்து உட்காராது. பூமிக்குள் பாறையின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது, ஈர்ப்பும் கூடவே மாறுகிறது, கடலின் சராசரி மட்டம் அந்த ஈர்ப்புக்கு ஏற்றபடி சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் அமைகிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அங்கே கடல் மட்டம் கணித உருண்டைக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. அந்தப் பக்கத்தில் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, திருத்தம் எதுவும் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால் மைனஸ் 90, மைனஸ் 100 என்று காட்டும். கருவியில் ஒரு கோளாறும் கிடையாது. அது உருண்டையிலிருந்து அளக்கிறது, நாம் கடலிலிருந்து எதிர்பார்க்கிறோம், அவ்வளவுதான்.

உயரத்தை மேப்பில் காட்ட முன்பெல்லாம் சம உயரக் கோடுகள்தான். நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சமவெளி. இப்போது பெரும்பாலும் டெம் என்று அழைக்கப்படும் உயரத் தரவு. தரையைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் எழுதி வைப்பது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினோரு நாள் பயணத்தில் ரேடாரை வைத்து, வடக்கே 60 டிகிரியிலிருந்து தெற்கே 56 டிகிரி வரை நிலப்பரப்பை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்ற அந்தத் தரவு 30 மீட்டர் கட்டங்களாக இன்று யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு கட்டத்தின் உயரம் 52 மீட்டர் என்று வையுங்கள். சுற்றி எட்டுக் கட்டங்கள். கிழக்கே 48, தென்கிழக்கே 49, தெற்கே 50, வடகிழக்கே 51, மற்றவை எல்லாம் 54-க்கு மேல். இந்தக் கட்டத்தில் விழும் மழை எங்கே போகும்? கிழக்கே, ஏனென்றால் 30 மீட்டரில் 4 மீட்டர் இறக்கம் இருப்பது அங்கேதான். தென்கிழக்கில் மூலைவிட்டமாக 42 மீட்டர் போனால் இறக்கம் 3 மீட்டர்தான். இதையே லட்சக்கணக்கான கட்டங்களுக்கும் செய்து, எந்தக் கட்டத்துக்கு எத்தனை கட்டத்துத் தண்ணீர் வந்து சேர்கிறது என்று கூட்டினால் ஓடைகளும் ஆறுகளும் தாமாகவே தெரிய ஆரம்பிக்கும், எந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வேறு நதியின் நீர்ப்பிடிப்பு என்பதும் தெரிந்துவிடும். முதல் தடவை திரையில் இது உருவாவதைப் பார்த்தவர்கள் அப்புறம் இந்தத் துறையை விடமாட்டார்கள் என்று நிச்சயமாகச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரை வரை முழுதாகப் போகாது, மர உச்சிக்கும் தரைக்கும் நடுவே ஏதோ ஓர் உயரத்தைத்தான் கொடுக்கும். அந்த எண்களை அப்படியே நம்பி வெள்ள மேப் போட்டால், தண்ணீர் ஏறக்கூடிய தாழ்வான இடம் மேடாகத் தெரிந்து, பாதுகாப்பான இடம் என்று வந்துவிடும்.

உருண்டையான பூமியைத் தட்டையான மேப்பில் விரிக்கும் முறைக்கு புரொஜெக்ஷன் என்று பெயர். அதில் மெர்கேட்டர் முறை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இணைய மேப்புகள் பெரும்பாலும் 1569-ல் வந்த அந்த முறையின் ஒரு வடிவத்தில்தான் ஓடுகின்றன. கோணங்கள் மாறாது, தெரு முனைகள் சரியாகத் தெரியும். ஆனால் பரப்பு கெட்டுவிடும். அறுபதாவது அட்சரேகையில் பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமம்போல் தோன்றுவது அதனால்தான், உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரிது. பார்ப்பதற்கு இது போதும். ஏக்கர், ஹெக்டேர் கணக்கிட வேண்டும் என்றால் பரப்பு மாறாத வேறொரு புரொஜெக்ஷனுக்கு மாற்றிவிட்டு அளக்கவும்.

கடைசியாக, தரையும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியா தன்னைத் தாங்கும் புவித்தட்டோடு ஆண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 1994-ல் வகுத்த டேட்டத்துக்கும் ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கும் 2020-க்குள் 1.8 மீட்டர் இடைவெளி வந்துவிட்டதால், ஜிடிஏ2020 என்று புதிதாக ஒன்றை வகுத்தார்கள். பழைய கோப்பைப் புதியதன் மேல் போடும்போது எல்லாச் சாலைகளும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளி நின்றால் வரைந்தவரைக் குறை சொல்லாதீர்கள், இரண்டு கோப்பிலும் டேட்டம் என்ன என்று போட்டிருக்கிறது என்று திறந்து பாருங்கள்.