கூந்தன்குளத்துக்குக் கிளம்புறவங்களுக்கு

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு நெல்லையில இருந்து பாளையங்கோட்டை, மூலைக்கரைப்பட்டி வழியா ஒரு மணி நேரம். பத்து மணிக்குக் கிளம்பிப் போயிட்டு "ஒண்ணுமே இல்ல"ன்னு திரும்பி வராதீங்க. வரித்தலை வாத்து ராத்திரி வயல்ல மேய்ஞ்சுட்டு விடியக்காலம்தான் குளத்துக்கு வரும். ஆறரைக்கெல்லாம் கரையில நிக்கணும். வெள்ளைத் தலையில ரெண்டு கறுப்புக் கோடு, அதான் அடையாளம். இமயமலையைத் தாண்டி வர்ற பறவை அது.

டிசம்பர்ல இருந்து போகலாம். ஆனா தேதியை நம்பாம தண்ணியைக் கேட்டுக்கோங்க. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணி வராத வருசம் குளம் வறண்டு கிடக்கும், பறவையும் வேற குளத்தைப் பார்த்துப் போயிரும்.

வெயில் முதுகுப் பக்கம் விழுற மாதிரி நில்லுங்க. இல்லேன்னா எல்லாம் கறுப்பு நிழலாத்தான் தெரியும். பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10×50 கனம், கை ஆடும்.

கூட்டைப் பார்க்கக் குளத்துக்கே போகணும்னு இல்ல. ஊருக்குள்ள, வீட்டு மரத்துலயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். மரத்துக்கு நேர் கீழ நிக்காதீங்க, எச்சத்தோட பாதி மீனும் தலையில விழும்! தீபாவளிக்கே வெடி போடாத ஊரு. அங்க போய் ஹாரன் அடிச்சா நியாயமா?

மதியத்துக்கு மேல பாபநாசத்துல இருக்குற அகஸ்தியர் அருவிக்குப் போற ஆசை இருந்தா, அங்க வனத்துறை செக்போஸ்ட் மூடுற நேரத்தை முதல்லயே கேட்டுக்கோங்க. சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக்கை வீட்டுலயே வச்சுட்டு வாங்க.