மழை முன்னறிவிப்பை க்யூஜிஐஎஸ் பாலிகனாக மாற்றுதல்: காவிரி டெல்டாவுக்குச் செய்த வழி

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மழை அளவுவாரியான பரப்புகளை (பாலிகன்) உண்டாக்க, முன்னறிவிப்பின் வண்ணப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். அதில் கடற்கரைக் கோடும் ஊர்ப் பெயர்களும் நிறத்தோடு ஒட்டிக்கிடக்கும். அதை வெக்டராக்கினால், அதாவது நிறங்களைக் கோட்டு வடிவங்களாக மாற்றினால், 'நாகப்பட்டினம்' என்ற எழுத்துகளே மழையில்லாத ஓட்டைகளாக வந்து நிற்கும். எண்களே கிடைக்கும்போது படம் எதற்கு?

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் வானிலை மாதிரியின் கால் டிகிரி கிரிப் (கட்டவாரி எண்கள்) கோப்புகள் இலவசம். அவற்றைத் தரும் நோமாட்ஸ் தளத்தின் வடிகட்டியில் மொத்த மழை என்ற ஒரு மாறியை மட்டும் எடுங்கள். எல்லை கிழக்கு 77 முதல் 82, வடக்கு 9 முதல் 13. டெல்டாவுக்கு இது பெரிதுதான். ஆனால் ஒட்ட வெட்டினால் சமமழைக் கோடுகள் ஓரத்தில் அறுந்துபோகும்.

பெரும்பாலான தவறுகள் நேரக் கணக்கில்தான். நம் மழைமானிக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. 00 யுடிசி (உலகப் பொது நேரம்) மணிக்குத் தொடங்கும் மாதிரி ஓட்டம் நமக்குக் காலை 5.30, ஆகவே 3-ஆம் மணிக் கோப்பும் 27-ஆம் மணிக் கோப்பும் வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரியான 24 மணி நேர மழை.

27-ஆம் மணிக் கோப்பில் மழைக்கு இரண்டு பேண்ட் (தரவு அடுக்கு) இருக்கும்: ஒன்று 24 முதல் 27 மணி வரை, மற்றது தொடக்கத்திலிருந்து 27 மணி வரை. தவறி 24–27 மணி பேண்டைப் பயன்படுத்திவிட்டால் ஐப்பசி அடைமழையும் தூறலாகத் தெரியும். ஜிடால் என்ற இலவசக் கருவித்தொகுப்பின் ஜிடால்இன்ஃபோவில் ஒவ்வொரு பேண்டின் விளக்கத்தையும் படித்த பிறகே கழியுங்கள். அலகு சதுர மீட்டருக்குக் கிலோகிராம் என்றிருக்கும், அதுவே மில்லிமீட்டர். கழித்ததில் வரும் சிறு எதிர்ம எண்களைச் சுழியமாக்குங்கள்.

அடுத்து ஜிடால்வார்ப்பில் பைலீனியர் முறையில் (பக்கத்து நான்கு கட்டங்களின் எடையிட்ட சராசரி) 0.025 டிகிரிக் கட்டங்களாக மாற்றினோம். வளைவைப் பொருத்தும் கியூபிக் முறை வேண்டாம், உச்ச மழைக்குப் பக்கத்தில் மூலத்திலேயே இல்லாத எண்களை உண்டாக்கும். கோடு வழவழப்பாக வந்தாலும் தகவல் கூடிவிடவில்லை. மூலக் கட்டம் சுமார் 27 கிலோமீட்டர். திருவாரூருக்கும் நாகைக்கும் நேர்க்கோட்டில் அவ்வளவு தூரம்கூட இல்லை. இந்த அடுக்கை வைத்து ஊர்வாரியாக மழை சொல்வது தவறு.

சமமழைக் கோடுகளை வரையும் ஜிடால்கான்டூரில் பாலிகன் தேர்வை இயக்கி, நிலைகளை நாமே கொடுக்க வேண்டும்: 2.5, 15.6, 64.5, 115.6, 204.5 மில்லிமீட்டர். இந்திய வானிலைத் துறையின் லேசான, மிதமான, கன, மிகக் கன, அதி கனமழை வகைகள் தொடங்கும் அளவுகள் இவை. சம இடைவெளியில் விட்டால் எச்சரிக்கை வகையோடு பொருந்தாது. பிறகு க்யூஜிஐஎஸ்ஸில் வடிவப் பிழைகளைத் திருத்தும் 'ஃபிக்ஸ் ஜியாமெட்ரிஸ்', அதன்பின்தான் மாவட்ட எல்லையில் கிளிப் (வெட்டுதல்). வரிசை மாறினால் செல்லாத வடிவம் என்று கிளிப் பாதியில் நிற்கலாம்.

பரப்பு தேவையென்றால் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு ஆயத்தொலைவு முறைக்கு மாற்றி ஹெக்டேர் கணக்கிடுங்கள். டெல்டா முழுதும் அந்த மண்டலத்துக்குள்தான்.

சேமிக்க ஜியோபேக்கேஜ் கோப்பு வடிவம் போதும். ஷேப்ஃபைல் வடிவத்தில் புலப்பெயர் (அட்டவணைத் தலைப்பு) 10 எழுத்தோடு வெட்டுப்படும். குறியாக்கம் யுடிஎஃப்-8 இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ஓட்ட நேரம், மழைக் காலம் தொடங்கும் நேரம், முடியும் நேரம் மூன்றையும் தனிப் புலங்களாக எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நேற்றைய அடுக்கும் இன்றைய அடுக்கும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும்.