‘ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும்’ என்றார்கள். ஒரு கோப்புகூட அழியவில்லை

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் பிரிவுகளை, மாற்றிய பிறகு, கருப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொற்கள் மட்டும் வந்து நின்றால், யார் சொன்னாலும் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது பழைய மடிக்கணினி. விண்டோஸ் 10, உபுண்டு 22.04 இரண்டும் அதில் உண்டு. டி டிரைவ் முழுக்க ஒலிப்பதிவுகள்: அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும். பாடியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. இடம் போதாமல் போனதால், காலியாகக் கிடந்த ஈ டிரைவை நீக்கி டி-யோடு சேர்த்தேன். விண்டோஸில் இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே முடிந்த வேலை. லினக்ஸுக்கு என்ன ஆகும் என்று அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மறுபடி இயக்கியபோது ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்ற பிழைச் செய்தி வந்தது. விண்டோஸும் திறக்கவில்லை, உபுண்டுவும் திறக்கவில்லை.

பதற்றத்தில் கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் திரையை ஒரு பார்வை பார்த்தார். “ஹார்ட் டிஸ்க் போய்விட்டது சார். ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் ரெக்கவரிக்குத் தனிக் கட்டணம்.”

“டிஸ்க் போயிருந்தால் இந்த எழுத்து எங்கிருந்து வருகிறது தம்பி?” என்று கேட்டேன்.

“அது பயாஸ் காட்டுவது சார்” என்றார். அது தவறு. பயாஸ் என்பது கணினியை முதலில் எழுப்பும், டிஸ்க்குக்கு வெளியே இருக்கும் நிரல். கிரப் என்பது விண்டோஸையோ உபுண்டுவையோ தேர்ந்தெடுக்கச் சொல்லித் திறந்துவிடும், டிஸ்க்கில் இருக்கும் நிரல். டிஸ்க்கின் முதல் செக்டாரின் (செக்டார் என்பது டிஸ்க்கின் சிறு கூறு) 512 பைட்டில் 446 பைட் மட்டுமே தொடக்க நிரலுக்கு உரியது. அது அடுத்தடுத்த செக்டார்களில் இருக்கும் கிரப்பின் மையப் பகுதியை எழுப்புகிறது. அந்த எழுத்து திரையில் தெரிகிறது என்றாலே டிஸ்க்கைப் படிக்க முடிகிறது என்றுதான் பொருள். இதைச் சொன்னபோது, “லினக்ஸெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை” என்று பதில் வந்தது. டிஸ்க்கைச் சோதிக்கவே இல்லை. ஆனால் சோதனைக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். வேறு யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால், சரி என்று தலையாட்டி எல்லாவற்றையும் இழந்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

உண்மையில் நடந்தது இதுதான். எம்பிஆர் முறையில் (பார்ட்டிஷன் பட்டியலை முதல் செக்டாரிலேயே வைக்கும் முறை) பிரிக்கப்பட்ட பழைய டிஸ்க்குகளில் 1 முதல் 4 வரையிலான எண்கள் பிரைமரி பார்ட்டிஷன்களுக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்கும் உரியவை. அந்த எக்ஸ்டெண்டடுக்கு உள்ளே இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு 5-இலிருந்து வரிசையாக எண் வரும். என்னுடையதில் டி 5, ஈ 6, உபுண்டு 7, ஸ்வாப் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) 8. ஈ போனதும் பின்னால் இருந்தவை ஒவ்வோர் எண் முன்னால் நகர்ந்துவிட்டன. உபுண்டு 6 ஆயிற்று, ஸ்வாப் 7 ஆயிற்று. கிரப்புக்குத் தெரிந்ததோ 7 என்ற எண் மட்டும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவிலக்கம் உள்ள தெருவில், பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடுவது போன்ற நிலை அது. 7-இல் போய்ப் பார்த்தால் இருந்தது ஸ்வாப். அதில் படிக்கக்கூடிய கோப்பமைப்பு எதுவும் இல்லை. ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ வந்தது அதனால்தான்.

முதல் வேலையாக ஒலிப்பதிவுகளைப் பத்திரப்படுத்தினேன். நண்பர் வீட்டுக் கணினியில் உபுண்டு லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே உபுண்டுவை இயக்க உதவும் பென் டிரைவ்) தயாரித்து, அதிலிருந்து என் மடிக்கணினியை இயக்கினேன். டி டிரைவ் அப்படியே திறந்தது. எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குப் படியெடுத்தேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாகப் புதிய கணினிகளில் வரும் முறை) என்று இருக்கும். எம்பிஆர் டிஸ்க் உள்ள பழைய கணினியில் அந்த முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் லைவ் யுஎஸ்பியிலிருந்தே கிரப்பை நிறுவ வேண்டி வந்தால் இந்த வேறுபாடுதான் பலரைக் கவிழ்க்கிறது.

பிறகு அந்தக் கருப்புத் திரைக்கே திரும்பினேன். அங்கே சில கட்டளைகள்தாம் வேலை செய்யும். ‘எல்எஸ்’ என்று அடித்தால் பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பெயரையும் அடைப்புக்குறியோடு சேர்த்து, இறுதியில் ஒரு சாய்கோடும் போட்டு மறுபடி ‘எல்எஸ்’ கொடுத்துப் பார்க்க வேண்டும். 1, 2, 5 மூன்றுக்கும் ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்றே வரும், அஞ்ச வேண்டாம். ரெஸ்க்யூ நிலையில் இருக்கும் கிரப்புக்கு விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். 6-ஐக் கேட்டதும் ‘பூட்’, ‘ஹோம்’, ‘யூஎஸ்ஆர்’ என்று அடைவுகள் வரிசையாக வந்தன. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அடுத்தவை நான்கே வரிகள். ‘செட்’ கட்டளையால் ‘பிரிஃபிக்ஸ்’ என்பதை 6-ஆம் பார்ட்டிஷனின் பூட் அடைவுக்குள் இருக்கும் கிரப் அடைவுக்கும், ‘ரூட்’ என்பதை 6-ஆம் பார்ட்டிஷனுக்கும் மாற்ற வேண்டும். பிறகு ‘இன்ஸ்மாட் நார்மல்’, அதன்பின் ‘நார்மல்’. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. உதவிக் குறிப்பும் கிடையாது, டேப் விசையும் உதவாது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து அடியுங்கள். கடைசி வரியில் என்டர் தட்டியதும் பழைய ஊதா நிற மெனு வந்து நின்றது. உபுண்டு திறந்தது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நாம் அடித்தது அந்த ஒரு தடவைக்குத்தான் செல்லும்; அடுத்த முறை இயக்கினால் அதே கருப்புத் திரைதான். உபுண்டுவுக்குள் டெர்மினலைத் திறந்து, சூடோவுடன் (அதாவது நிர்வாகி உரிமையோடு) ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதில் முழு டிஸ்க்கின் பெயரான எஸ்டிஏ மட்டும் வர வேண்டும். பின்னால் எண் சேர்க்கக்கூடாது. அடுத்தது ‘அப்டேட்-கிரப்’.

எனக்கு அங்கேயும் ஓர் இடி காத்திருந்தது. அப்டேட் முடிந்து பார்த்தால் மெனுவில் விண்டோஸையே காணவில்லை. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பிலேயே அணைக்கப்பட்டிருக்கிறது. ஈடிசி அடைவின் டிஃபால்ட் பகுதியில் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, ‘கிரப் டிசேபிள் ஓஎஸ் புரோபர்’ என்ற வரியின் மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று வைத்து (வரி இல்லையென்றால் அடிக்கோடுகளோடு நாமே சேர்க்கலாம்), மறுபடி ‘அப்டேட்-கிரப்’ கொடுத்ததும் விண்டோஸ் திரும்பி வந்தது.

விண்டோஸ் டிவிடியைப் போட்டு எம்பிஆரைச் சரிசெய்துவிடு என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதைச் செய்தால் விண்டோஸ் திறக்கும். ஆனால் கிரப்பின் தொடக்க நிரல் அழிந்து, உபுண்டுவுக்குப் போக வழி இருக்காது. விண்டோஸ் மட்டும் உடனே வேண்டும் என்ற நெருக்கடியில்தான் அது உதவும்.

புதிய கணினிகளில் இருக்கும் ஜிபிடி முறையில், நடுவில் ஒன்றை நீக்கினாலும் மற்றவற்றின் எண் மாறாது என்பதால் இந்தக் குறிப்பிட்ட சிக்கல் வராது. அங்கே வேறொரு கவலை உண்டு: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், பூட் அமைப்பு மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பார்ட்டிஷனில் கை வைக்கும் முன்பே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது.