முத்துசாமி ஐயர்: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 18

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர் சர் டி. முத்துசாமி ஐயர். 1832இல் தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் நொடித்துப்போக, கிராமக் கணக்கருக்கு எடுபிடியாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 1 ரூபாய்.

ஜனவரி 20

சிறுவன் முத்துசாமியை அடையாளம் கண்ட தாசில்தார் முத்துசாமி நாயக்கரை விட்டு மனம் நகரவே மாட்டேன் என்கிறது. எங்கோ கரை உடைந்ததாகத் தகவல் வருகிறது. தாசில்தார் அலுவலகத்தில் வேறு ஆள் இல்லாததால் பையன் முத்துசாமியை நாயக்கர் அனுப்புகிறார். அவன் நேரில் பார்த்து, விசாரித்து, திரும்பி வந்து ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறான். அப்புறம் சரிபார்த்தால் அத்தனையும் உண்மை என்கின்றன வாழ்க்கைக் குறிப்புகள். அவனை நாகப்பட்டினத்துப் பள்ளிக்கும் பிறகு சென்னைக்கும் படிக்க அனுப்பியவர் நாயக்கர்தான். தெருவிளக்கில் படித்த கதையைத்தான் ஊரே சொல்கிறது. பையனை அடையாளம் கண்ட அந்த மனிதரைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும். 1854இல் அதே பையன் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வென்றான்!

ஜனவரி 23

1878. ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதும் வெள்ளையர் பத்திரிகைகள் கொதித்தன. பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு நல்ல ஆங்கிலப் பத்திரிகை இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, செப்டம்பர் 20 அன்று ‘தி ஹிந்து’வின் முதல் இதழை அச்சிட்டார்கள். மொத்தம் 80 பிரதிகள். ஒருவரின் நியமனத்துக்காக ஒரு பத்திரிகையே பிறந்ததை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

ஜனவரி 25

இன்று அவர் நினைவு நாள். 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1895இல் காலமானார். உயர் நீதிமன்றத்தில் ஜார்ஜ் வேட் செதுக்கிய பளிங்குச் சிலை இருக்கிறது.

ஜனவரி 28

பிறந்த நாள். மலபார் திருமணக் கமிஷனுக்கு 1891இல் இவர்தான் தலைவர். நாயர்களிடையே வழக்கத்தில் இருந்த ‘சம்பந்தம்’ என்ற ஆண்-பெண் உறவைச் சட்டம் திருமணமாக ஏற்க வேண்டுமா என்பது கேள்வி. ‘இந்துலேகா’ என்ற மலையாள நாவலை எழுதிய சந்து மேனன் அதில் உறுப்பினர். சம்பந்தமே முறையான திருமணம்தான் என்று தனிக்குறிப்பு எழுதி மாறுபட்டார். எனக்கும் மேனன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 1896இல் சட்டம் வந்தபோது ஐயர் உயிருடன் இல்லை. அடுத்து அந்த அறிக்கையை முழுதாகப் படிக்கப்போகிறேன்.