ஐந்தாவது சர்வோ

மார்ச் 4

பழைய ரேடியோ மாடல் விமானம் இருந்த பெட்டி வந்து சேர்ந்தது. இறக்கை நடுவில் முறிந்திருக்கிறது. உடற்பகுதி முழுமையாக இருக்கிறது.

மார்ச் 5

மூடியைத் திறந்ததும் ஆமணக்கு எண்ணெயின் வாடை எழுந்தது. எரிபொருளோடு கலந்த அந்த எண்ணெயைப் பால்சா மரம் இத்தனை ஆண்டுகளாகியும் விடவில்லை. ரேடியோவும் இல்லை, சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களும் இல்லை. அவற்றைப் பொருத்திய திருகுத் துளைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். ஐந்து சர்வோக்களுக்கான இடம். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலிரான், மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் எலிவேட்டர், சுக்கான், எஞ்சின் வேகம் என்று நான்கு போதுமே. சக்கரங்களை உள்ளிழுக்க ஒன்று வைத்திருப்பார்களோ என்றால், இதன் சக்கரங்கள் விறைப்பான கம்பியில் நிலையாக நிற்பவை.

மார்ச் 7

மாமா இன்றும் பேசவில்லை.

மார்ச் 9

ஐந்தாவதற்கு விடை கிடைத்துவிட்டது என்றே நம்புகிறேன். இது ரீட் காலத்து விமானம். அப்போதைய ரிசீவரில், ஆர்மோனியத்தில் இருப்பதைப் போல வெவ்வேறு நீளமுள்ள எஃகு நாக்குகள், அதாவது ரீட்கள், வரிசையாக இருக்கும். தரையிலிருந்து ரேடியோ வழியே வரும் ஒலி அதிர்வெண்ணுக்கு ஒத்த நாக்கு மட்டும் துடித்து மின்தொடர்பை ஏற்படுத்த, அதற்குரிய சர்வோ ஓடும். ஒவ்வொரு சர்வோவுக்கும் இரு திசைகளுக்கு இரண்டு நாக்குகள் வேண்டும் என்பதால், பத்து நாக்குகளுக்கு ஐந்து சர்வோக்கள். எலிவேட்டர் முழுமையாக மேலே போகும் அல்லது கீழே போகும், விட்டதும் நடுவுக்குத் திரும்பிவிடும். அந்த நடுநிலையைச் சிறிது சிறிதாக மாற்றி வைக்கவே ஐந்தாவது. பாதியளவு திருப்பம் வேண்டுமென்றால் விசையை விட்டு விட்டுத் தட்டத்தான் வேண்டும். எட் காஸ்மிர்ஸ்கி 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் ‘ஒரையன்’ விமானத்தோடு மாடல் விமான வித்தைப் பறப்பில் உலகப் பட்டம் வென்றபோது, அத்தனை வளைவுகளும் விரல் தட்டலில் பிறந்தவை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நம்ப முடியவில்லை.

மார்ச் 10

மாமாவிடம் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை.

மார்ச் 13

ஒன்பதாம் தேதி முடித்த கணக்கு இன்று கலைந்தது. பழைய துளைகள் சிலவற்றைச் சிறு குச்சிகளால் அடைத்து, மேலே வேறொரு ஒட்டுப்பலகையை ஒட்டியிருக்கிறார்கள். அதில் நான்கு இடங்கள்தான். கட்டுப்பாட்டுக் குச்சியின் அசைவுக்கேற்ப சுக்கானும் அசையும் புரொபோர்ஷனல் ரேடியோ வந்த பின் நடந்த மாற்றம் இது. ரேடியோக்களைத் தாமே தயாரித்த ஃபில் கிராஃப்ட், 1967இல் கோர்சிகாவில் ‘குவிக் ஃபிளை’ விமானத்தோடு உலகப் பட்டம் பெற்றார். ரீட் காலம் அதற்குள் ஏறக்குறைய முடிந்திருந்தது. அப்படியானால் இந்த ஒரே உடல் இரண்டு காலங்களிலும் பறந்திருக்கிறது. இரண்டிலும் ஓட்டியது ஒரே ஆளா? புதிய பலகையின் விளிம்பை இவ்வளவு பொறுமையாகத் தேய்த்தவர் வாங்கியவராக இருக்க மாட்டார், கட்டியவராகவே இருப்பார் என்று மனம் சொல்கிறது.

மார்ச் 14

இறக்கையை ஒட்டவில்லை. மனம் வரவில்லை.

மார்ச் 16

உடற்பகுதியைக் கட்டிலருகே கொண்டு போனேன். மாமாவின் உள்ளங்கையை மூக்குப் பகுதியின் அடியில் வைத்தேன்; பட்டுத் துணியின் இழைகள் துணியை இறுக்கும் டோப் பூச்சுக்கு மேல் விரலுக்குத் தட்டுப்படும் இடம் அது. வெகுநேரம் அசைவில்லை. பிறகு வலக்கைக் கட்டைவிரல் போர்வையின் மேல் தட்டத் தொடங்கியது: இரண்டு தட்டல், ஒரு இடைவெளி, மீண்டும் இரண்டு.

மார்ச் 17

நான்கு அல்ல, ஐந்துதான் அவருடையது. நாளை துளைகளின் அளவைக் குறித்துக்கொண்டு போய்